டென்மார்க் தன் காற்று மின்சாரத்தை எங்கே கொண்டுபோய்க் கொட்டுகிறது? இலங்கைக்கு ஒரு கேபிள் போட்டால் நமக்கும் அது நடக்குமா?

ஆரல்பையன் கேட்டது:

எங்கள் மாமாவுக்கு முப்பந்தல் பக்கம் ஒரு பழைய காற்றாலை இருக்கிறது. 225 கிலோவாட், வாங்கி இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் ஆகிறது, கியர்பாக்ஸ் இரண்டு தடவை மாற்றியாயிற்று. ஆனி, ஆடியில் ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்று எப்படி அடிக்கும் என்று அந்தப் பக்கம் பஸ்ஸில் போனவர்களுக்கே தெரியும், ஜன்னலோரம் உட்கார்ந்தால் கண்ணெல்லாம் மண். அந்தச் சில மாசம் சம்பாதிப்பதுதான் அவருக்கு வருஷம் முழுக்க. சரியாக அந்த நேரம் பார்த்து ‘லோடு இல்லை, மெஷினை நிறுத்துங்கள்’ என்று போன் வரும். காற்று பிய்த்துக்கொண்டு போகும், இறக்கை கட்டிப்போட்ட மாடு மாதிரி நிற்கும், மாமா அதைப் பார்த்துக்கொண்டே டீ குடிப்பார்.

இப்போது கேள்வி. டென்மார்க்கில் ஒரு வருஷத்தில் செலவாகும் மின்சாரத்தில் பாதி அளவுக்குக் காற்றிலிருந்தே எடுக்கிறார்கள் என்று படித்தேன். 2015 ஜூலை 9ஆம் தேதி சாயங்காலம் நாட்டின் மொத்தத் தேவையில் 116 சதவீதம் காற்றிலிருந்தே வந்ததாம், விடியற்காலை 3 மணிக்கு அது 140 சதவீதம் ஆகிவிட்டதாம். மீதி 40 எங்கே போயிற்று? பக்கத்து நாடுகளின் தலையில் கட்டிவிட்டு ‘நாங்கள் பசுமை நாடு’ என்று பெருமை பேசுகிறார்களா? அப்படியே அது நல்ல வழிதான் என்றால் நமக்கும் பக்கத்தில் ஒரு நாடு இருக்கிறதே. மன்னார் வரைக்கும் கடலடியில் ஒரு கேபிள் போட்டு ஆடியில் மிஞ்சுவதை அங்கே அனுப்பினால் என்ன? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள், நான் பி.காம்., அதனால் கொஞ்சம் இறங்கி வந்து சொல்லுங்கள்.

மேற்குக்கரை:

நான் இருப்பது எஸ்பியர், டென்மார்க்கின் மேற்குக் கரை. துறைமுகம் பக்கம் சைக்கிளில் போனால் கப்பலுக்குக் காத்திருக்கும் காற்றாலை இறக்கைகளை வரிசையாகப் படுக்கப் போட்டிருப்பார்கள், ஒவ்வொன்றையும் தாண்டிப் போகவே நேரம் பிடிக்கும். அதனால் இந்த விஷயத்தில் எனக்குக் கொஞ்சம் ஊர்ப்பாசம் உண்டு, அதைக் கழித்துவிட்டுப் படியுங்கள்.

அன்று மிஞ்சியதில் ஐந்தில் நான்கு பங்கை நார்வேயும் ஜெர்மனியும் சரிபாதியாக எடுத்துக்கொண்டன, மீதி ஸ்வீடனுக்கு. தலையில் கட்டியதாகச் சொல்ல முடியாது, அவர்கள் விலை கொடுத்து வாங்கினார்கள், அந்த நேரத்தில் விலை மலிவு என்பதால் வாங்கினார்கள். இங்கே நார்ட் பூல் என்று ஒரு மின்சந்தை. 1996இல் நார்வேயும் ஸ்வீடனும் சேர்ந்து ஆரம்பித்தது, மேற்கு டென்மார்க் 1999இலும் கிழக்கு டென்மார்க் 2000இலும் உள்ளே வந்தன. முந்தின நாள் மதியமே மறுநாளைக்கான விலை வந்துவிடும், முன்பு மணிக்கு ஒன்று, இப்போது கால் மணிக்கு ஒன்று. நாங்கள் போனில் அதைப் பார்த்துவிட்டுத்தான் துணி துவைக்கிற மெஷினைப் போடுகிறோம், காற்று பலமாக அடிக்கிற ராத்திரி என்றால் இரண்டு மணிக்கு ஓடட்டும் என்று டைமர் வைத்துவிட்டுத் தூங்கப் போவோம். விலை பூஜ்யத்துக்குக் கீழேயும் போகும், 2009இலிருந்து அதற்கும் சந்தையில் இடம் உண்டு. ஆனால் வரி, கம்பி வாடகை எல்லாம் மேலே ஏறுவதால் வீட்டுக்குக் காசு திரும்பி வருவது அபூர்வம், யாராவது அப்படிச் சொன்னால் பில்லைக் காட்டச் சொல்லுங்கள்.

இதில் உயிர்நாடி நார்வேதான். அவர்கள் மின்சாரத்தில் பத்தில் ஒன்பது பங்கு அளவுக்கு நீர்மின்சாரம். நிறைய பேர் டென்மார்க் காற்றை வைத்து நார்வே தண்ணீரை மேலே ஏற்றி வைக்கிறது என்று நினைக்கிறார்கள், பெரும்பாலும் அப்படி இல்லை. இங்கே காற்று அடித்தால் அங்கே அணையின் மதகை மூடிவிட்டு எங்கள் கரண்டில் அடுப்பெரிக்கிறார்கள், அவ்வளவுதான். செலவழியாத தண்ணீர் அணையிலேயே இருக்கிறது. இங்கே காற்று விழுந்ததும் மதகைத் திறந்து திருப்பி அனுப்புகிறார்கள். ஏற்றி இறக்கும் நஷ்டம்கூட இல்லை. நார்வே அணைகள் எல்லாம் நிரம்பினால் அதில் சுமார் 8,700 கோடி யூனிட் தேங்கி நிற்கும், தமிழ்நாடு ஒரு வருஷத்தில் செலவழிப்பதில் பாதிக்கு மேல் அது.

இன்னொன்று, இதை யாரும் கவனிப்பதில்லை. யூட்லாந்துக்கும் (டென்மார்க்கின் பெருநிலப் பகுதி) நார்வேக்கும் நடுவே ஓடும் ஸ்காகராக் கேபிள் முதலில் போட்டது 1976–77இல், இரண்டு கேபிள், சேர்த்து 500 மெகாவாட். டென்மார்க்கின் முதல் கடல் காற்றாலைப் பண்ணை விண்டபி வந்ததே 1991இல்தான், பதினோரு மெஷின், எல்லாம் சேர்ந்து 5 மெகாவாட். அதாவது கேபிளைக் காற்றுக்காகப் போடவே இல்லை. எங்களிடம் நிலக்கரி, அவர்களிடம் தண்ணீர், மழை பொய்த்த வருஷம் இங்கிருந்து அங்கே, நல்ல மழை என்றால் அங்கிருந்து இங்கே. அந்த ஏற்பாட்டின் மேல்தான் பிறகு காற்று வந்து உட்கார்ந்தது. 1993இல் மூன்றாவது, 2014இல் நான்காவது கேபிளும் சேர்ந்து இப்போது 1,700 மெகாவாட். அப்புறம் நெதர்லாந்துக்கு 2019இல் கோப்ரா, 700 மெகாவாட். இங்கிலாந்துக்கு 2023 டிசம்பரில் வைகிங் லிங்க், 1,400 மெகாவாட், 765 கிலோமீட்டர். ஸ்வீடனுக்கும் ஜெர்மனிக்கும் போகும் லைன்களையும் சேர்த்தால் நாட்டின் உச்சத் தேவையைவிட எல்லை தாண்டும் லைன்களின் கொள்ளளவு அதிகம். இப்படி ஒரு நாட்டை வேறெங்கும் காட்டுவது கஷ்டம், அதனால் ‘டென்மார்க்கைப் பார்’ என்று எடுத்ததும் சொல்லிவிட முடியாது.

பழையஷிஃப்ட்:

தம்பி ஆரல்பையன், உங்கள் மாமாவுக்கு வந்த மாதிரி போன்களைச் செய்தவர்களில் நானும் ஒருவன், ஓய்வு பெற்றுவிட்டேன், அதனால் தைரியமாகச் சொல்கிறேன். ஆசையாகச் செய்த வேலை இல்லை அது. ராத்திரி ஷிஃப்டில் சுவரில் பிரிகுவென்சி ஓடிக்கொண்டிருக்கும், அது 50இல் நிற்க வேண்டும், கரண்ட் மிஞ்சினால் ஏறும், பற்றாவிட்டால் இறங்கும். 50.02, 50.05, 50.08 என்று ஏறும். வெளியே மழை, ஊரில் ஒருத்தரும் ஃபேன் போடவில்லை, பம்ப்செட் எல்லாம் சும்மா நிற்கிறது, தெற்கே காற்று மட்டும் விடாமல் அடிக்கிறது. அனல் நிலையங்களைக் குறைந்தபட்ச அளவு வரைக்கும் இறக்கியாயிற்று, அதற்குக் கீழே போனால் பாய்லர் அணைந்துவிடும், அணைந்தால் மறுநாள் காலை பீக்குக்கு அது கிடைக்காது. அந்த இடத்தில் கை எங்கே போகும்? காற்றாலைக் கரண்டைக் கொண்டுவரும் லைனுக்கு, அதாவது ஃபீடருக்குத்தான் போகும்.

மேற்குக்கரை சார் சொன்னது சரி, ஆனால் கேபிளைப் பற்றியே பேசுகிறார். நான் கேட்பது, கேபிள் போய்ச் சேரும் இடத்துக்குப் பின்னால் லைன் இருக்கிறதா? டென்மார்க்குக்கு ஜெர்மனி எல்லையில் என்ன நடந்தது என்று அவரைக் கேளுங்கள். வட ஜெர்மனியிலும் அதே வடகடல் காற்றுதான். டென்மார்க்கில் மிஞ்சும்போது அங்கேயும் மிஞ்சும். அந்தக் கரண்ட் தொழிற்சாலைகள் இருக்கும் தெற்கே போக லைன் போதாது. அதனால் பல வருஷம் ஜெர்மன் பக்கம் எல்லையைப் பாதி மூடியே வைத்திருந்தார்கள், கம்பி இருக்கும், அதில் விடமாட்டார்கள். ஐரோப்பிய ஆணையம் போட்டிச் சட்டத்தின் கீழ் வழக்கெடுத்து, 2018 டிசம்பரில்தான் குறைந்தது 1,300 மெகாவாட் எப்போதும் திறந்திருக்க வேண்டும் என்று கட்டிப்போட்டது. தெற்கே கொண்டுபோக சூட்லிங்க் என்று சுமார் 700 கிலோமீட்டருக்கு ஒரு டிசி (நேர்மின்சார) லைன், 2022இல் முடியும் என்றார்கள், இப்போது 2028 என்கிறார்கள். பவேரியாவில் கோபுரம் வேண்டாம் என்று போராட்டம் வந்து, கடைசியில் மண்ணுக்கடியில் புதைக்கிறார்கள்.

அப்படி வழி இல்லாத கரண்ட் சும்மா நிற்காது. வீட்டுக்கு வருகிற ஏசி (மாறுமின்சாரம்) லைனில் நாம் சொன்ன வழியில் கரண்ட் போகாது, தடை குறைந்த வழியில் போகும். ஜெர்மனியின் வடக்கிலிருந்து தெற்கே போக வேண்டியது போலந்து வழியாகவும் செக் வழியாகவும் சுற்றிக்கொண்டு போனது. கேட்காமல் பக்கத்து வீட்டுக் கொல்லையில் நடந்துபோகிற மாதிரி. போலந்தும் செக்கும் பொறுத்துப் பார்த்து, எல்லைத் துணைமின்நிலையங்களில் ஃபேஸ் ஷிஃப்டிங் டிரான்ஸ்பார்மர் வைத்துவிட்டன, வாசலில் கதவு போட்ட மாதிரி.

பெரிய இணைப்பு என்றால் பெரிய ஆபத்தும் உண்டு. 2006 நவம்பர் 4, சனிக்கிழமை ராத்திரி. வட ஜெர்மனியில் எம்ஸ் ஆற்றில் புதிதாகக் கட்டிய ஒரு சுற்றுலாக் கப்பல் கடலுக்குப் போக வேண்டும், ஆற்றுக்கு மேலே 380 கிலோவோல்ட் லைன். கப்பல் போகட்டும் என்று லைனை நிறுத்தினார்கள். அன்று காற்று பலம், வடக்கிலிருந்து மேற்கே கரண்ட் நிறையப் போய்க்கொண்டிருந்தது. அரை மணி கழித்து இன்னொரு லைன் சுமை தாங்காமல் டிரிப் ஆனது. அடுத்த சில நொடியில் ஐரோப்பா மூன்று துண்டு. மேற்குத் துண்டில் பிரிகுவென்சி 49க்கு விழுந்து சுமார் ஒன்றரைக் கோடி வீடுகளில் கரண்ட் போயிற்று. கொடுமை என்னவென்றால் கரண்ட் பற்றாத மேற்கில் காற்றாலைகள் 49.5 தொட்டதும் தானே கழன்றுகொண்டன, கரண்ட் அதிகமாகிப் பிரிகுவென்சி 51ஐத் தாண்டிய வடகிழக்கில் கழன்ற காற்றாலைகள் யாரும் சொல்லாமலே திரும்ப வந்து ஒட்டிக்கொண்டன. வேண்டிய இடத்தில் ஓடிவிட்டன, வேண்டாத இடத்தில் வந்து நின்றன. அதற்குப் பிறகுதான் காற்றாலை சின்ன ஆட்டத்துக்கெல்லாம் கழன்று ஓடக்கூடாது என்ற விதிகள் இறுகின.

இதனால்தான் நாடு விட்டு நாடு போகும்போது டிசிக்கு மதிப்பு. டிசியில் பிரிகுவென்சி கிடையாது, அந்தப் பக்கத்து ஆட்டம் இந்தப் பக்கம் வராது, எவ்வளவு அனுப்ப வேண்டுமோ அதைக் குழாய் திருகுகிற மாதிரி வைத்துக்கொள்ளலாம். 2012 ஜூலை 30, 31 இரண்டு நாளும் வட இந்தியா இருட்டில் கிடந்தபோது நமக்கு ஒன்றும் ஆகவில்லை, ஞாபகம் இருக்கிறதா? தெற்கு அப்போது டிசி வழியாக மட்டும்தான் வடக்கோடு ஒட்டியிருந்தது. ராய்ச்சூர்–சோலாப்பூர் லைனில் ஏசியாகச் சேர்ந்தது 2013 டிசம்பர் 31இல்.

ஆரல்பையன்:

பழையஷிஃப்ட் சார், நீங்கள்தான் போன் செய்தவர் என்றால் மாமா நம்பர் தருகிறேன், ஒரு தடவை பேசுங்கள் 🙂 அவர் இவ்வளவு வருஷமாக யாரைத் திட்டுவது என்று தெரியாமல் பொதுவாகத் திட்டிக்கொண்டிருக்கிறார்.

சரி, டிசி என்றால் ஆபத்தில்லை என்று புரிந்தது. அப்படியென்றால் இலங்கைக்கு டிசி கேபிள் போடலாம்தானே? 2025 ஏப்ரலில் பிரதமர் கொழும்பு போனபோது இதற்கு ஒப்பந்தம்கூடக் கையெழுத்தானதாகச் செய்தி வந்ததே.

மன்னார்த்தீவான்:

கையெழுத்தானது புரிந்துணர்வு ஒப்பந்தம். எங்கள் ஊர்ப் பெரியவர்கள் இந்தக் கேபிள் கதையை எவ்வளவோ காலமாகக் கேட்டு வருகிறார்கள், மதுரையிலிருந்து அநுராதபுரம், முதலில் 500 மெகாவாட், பிறகு ஆயிரம், என்று பேச்சு வரும், போகும்.

நான் மன்னார்த் தீவில் இருந்து எழுதுகிறேன். தம்பபவனி காற்றாலைகள் எங்கள் தென்கரையில் வரிசையாக நிற்கின்றன, 30 கோபுரம், 103.5 மெகாவாட், 2020 டிசம்பரில் திறந்தார்கள். வைகாசி பிறந்தால் எங்களுக்குச் சோளகம். கடல் கொந்தளிக்கும், தென்கரையில் வள்ளம் இறக்க முடியாது, கோபுரம் எல்லாம் இரவும் பகலும் சுழலும். அந்தச் சோளகம்தான் உங்களுக்கு ஆடிக்காற்று, தம்பி. ஒரே காற்று, ஒரே மாதம். உங்கள் மாமாவின் காற்றாலையை நிறுத்தச் சொல்லும் அதே கிழமை எங்கள் பக்கமும் நிறைந்து வழியும். அதே மழை மலையகத்திலும் பெய்யும், காசல்ரீ, மவுசாகலை அணைகள் நிரம்பும் காலமும் அதுதான். எல்லாரும் ஒரே நாளில் மீனோடு கரைக்கு வந்தால் யார் வாங்குவது?

நார்வே மதகை மூடி வைக்கும் என்றாரே அந்த அண்ணை, நாங்கள் மூடி வைக்கலாம், ஆனால் எவ்வளவு? எங்கள் பெரிய நீர்மின் நிலையம் விக்டோரியா, 210 மெகாவாட். நாடு முழுவதின் உச்சத் தேவையே 2,500, 2,800 அளவுதான். நடுச்சாமத்தில் ஆயிரத்துச் சொச்சத்துக்கு இறங்கிவிடும். அந்த நேரம் நீங்கள் 500 மெகாவாட்டை உள்ளே தள்ளினால் எங்களிடம் ஓடுவதில் பாதியை நிறுத்த வேண்டும். பிறகு உங்கள் கேபிள் ஒரு நிமிடம் அறுந்தாலும் தீவே இருட்டு.

2025 பெப்ரவரி 9, ஒரு ஞாயிறு, காலை பதினொன்று சொச்சம், நாடு முழுக்க மின்சாரம் நின்றது. பாணந்துறைத் துணைமின்நிலையத்தில் குரங்கு புகுந்தது என்றார்கள், உலகமே சிரித்தது. குரங்கு புகுந்தது சரி, ஒரு குரங்குக்கு ஒரு நாடே விழ வேண்டுமா? ஞாயிறு பகல், தேவை குறைவு, கூரை எங்கும் சூரியத் தகடு, அதிர்ச்சியைத் தாங்கும் சுழலும் பெரிய இயந்திரங்கள் குறைவு, தட்டினால் விழும் நிலையில் நின்றது. இரண்டு மாதம் கழித்துப் புத்தாண்டு விடுமுறைக்குப் பகலில் கூரைத் தகடுகளை நிறுத்தி வையுங்கள் என்று மின்சார சபையே சனத்தைக் கேட்டது. எங்களிடமே மிஞ்சுகிறது என்றால் உங்கள் மிச்சத்தை எங்கே வைப்பது?

ஆனால் கேபிள் வேண்டாம் என்று சொல்லவில்லை, காரணம்தான் வேறு. நுரைச்சோலை நிலக்கரி மின்நிலையத்தில் 300 மெகாவாட் இயந்திரம் மூன்று. இரவில் ஒன்று விழுந்தால் ஓடுவதில் நாலில் ஒன்று போன மாதிரி. அந்த நொடியில் உங்கள் பக்கமிருந்து டிசி கேபிள் கை கொடுத்தால் அதுவே பெரிய உபகாரம். மாலை ஆறரைக்கு விளக்கு ஏற்றும் நேரம் எண்ணெய் எரிக்கிறோமே, அதையும் குறைக்கலாம். அது எங்களுக்கு நல்லது. உங்கள் மாமாவுக்கு நல்லதா என்றால், தெரியாமல் சொல்லக்கூடாது, அவ்வளவாக இல்லை.

கணக்குப்புலி:

சுருக்கமாக, தமிழ்நாட்டின் உச்சத் தேவை 2024 மே 2 அன்று 20,830 மெகாவாட். சீசனில் காற்று 5,000 தாண்டும். அதற்கு 500 மெகாவாட் கேபிள் என்பது யானைப் பசிக்குச் சோளப்பொரி. டென்மார்க் சின்ன நாடு, பக்கத்தில் ஜெர்மனி மாதிரிப் பெரிய சந்தை. இங்கே பெரியது நாம், சின்னது அவர்கள். உவமையைத் தலைகீழாகப் பிடித்திருக்கிறீர்கள். டென்மார்க் இடத்தில் இருப்பது இலங்கை.

மேற்குக்கரை:

கணக்குப்புலி சொன்னது எனக்குத் தோன்றவே இல்லை, ஒத்துக்கொள்கிறேன். மன்னார் நண்பர் சொன்ன ‘ஒரே காற்று’தான் இதில் முக்கியம். பழையஷிஃப்ட் சார் சொன்ன ஜெர்மனிக் கதையும் அதே கதைதான். எங்களுக்கு ஜெர்மனியைவிட நார்வே உதவுவதற்குக் காரணம் அவர்களிடம் இருப்பது எங்களிடம் இல்லாதது.

ஆனால் நார்வேக்காரர்கள் இப்போது சந்தோஷமாக இல்லை, அதையும் சொல்ல வேண்டும். கேபிள் வழியாகக் கரண்ட் மட்டும் போவதில்லை, விலையும் போகும். ஜெர்மனிக்கு 1,400 மெகாவாட் நார்ட்லிங்க், இங்கிலாந்துக்கு 2021இல் 1,400 மெகாவாட் இன்னொன்று, இரண்டும் வந்து சேர்ந்த சமயத்திலேயே ஐரோப்பாவில் கேஸ் விலை ஏறியது. தென் நார்வேயில் வீட்டு பில் எகிறியது, வட நார்வேயில் பழைய மலிவு விலையே. ஒரே நாட்டில் இரண்டு விலை என்றால் எப்படி இருக்கும்? ‘எங்கள் மலை, எங்கள் மழை, எங்கள் தாத்தா கட்டிய அணை, ஜெர்மனி அணு உலையை மூடினால் நாங்கள் ஏன் அழ வேண்டும்’ என்கிறார்கள். 2023 மார்ச்சில் ஸ்காட்லாந்துக்குப் போட இருந்த கேபிளை நார்வே மறுத்துவிட்டது. 2024 ஜூனில் ஸ்வீடன் ஜெர்மனிக்கான 700 மெகாவாட் கேபிளை நிராகரித்தது. அந்த டிசம்பரில் இங்கே சில நாள் காற்று சுத்தமாக விழுந்து, வானமும் மூடி, தென் நார்வேயில் விலை பல வருஷத்தில் பார்க்காத உச்சிக்குப் போனது. 2025 ஜனவரியில் ஐரோப்பிய ஒன்றிய எரிசக்தி விதிகளை ஏற்பதா என்ற சண்டையில் நார்வேயின் மையக் கட்சி ஆளும் கூட்டணியை விட்டே வெளியேறியது. 1976–77இல் போட்ட அந்த முதல் இரண்டு ஸ்காகராக் கேபிள்களுக்கும் வயது முடிகிறது, புதுப்பிக்கக் கூடாது என்று அங்கே ஒரு பெரிய கூட்டம் சொல்கிறது.

என் கூட வேலை பார்க்கும் நார்வேக்காரர் ஒருவர் இருக்கிறார். அவர் அம்மா கிறிஸ்தியான்சன் பக்கம் தனியாக இருக்கிறார், ஹீட்டர் எல்லாம் கரண்டில். அந்த டிசம்பரில் ஒரு அறையை மட்டும் சூடாக்கிக்கொண்டு அதிலேயே இருந்திருக்கிறார். அவரிடம் போய் ஒருங்கிணைந்த சந்தை என்று பேச எனக்கு வாய் வரவில்லை.

நாங்கள் உள்ளூரிலும் கொஞ்சம் செய்கிறோம். இங்கே ஊர் முழுக்கக் குழாயில் சுடுதண்ணீர் வரும், வீடுகளில் மூன்றில் இரண்டுக்கு அப்படித்தான் சூடு. காற்று மிஞ்சும்போது பெரிய கரண்ட் பாய்லரில் தண்ணீரைக் காய்ச்சித் தொட்டியில் வைத்துக்கொள்வார்கள். கேபிளே வேண்டாத கிடங்கு அது. ஆரல்வாய்மொழியில் யாருக்குச் சுடுதண்ணீர் வேண்டும் என்று கேட்காதீர்கள், தெரியும்.

ஆரல்பையன்:

இன்னொன்று கேட்டுவிடுகிறேன், திட்டாதீர்கள். க்ரீகர்ஸ் ஃபிளாக் என்று பார்த்தேன், கடலுக்குள் டென்மார்க் காற்றாலைப் பண்ணையையும் ஜெர்மனி காற்றாலைப் பண்ணையையும் நடுவில் இணைத்துவிட்டு, காற்று இல்லாதபோது அதே கேபிளில் இரண்டு நாடும் வியாபாரம் செய்கிறார்களாம், 2020இலிருந்து, 400 மெகாவாட். மன்னார் வளைகுடாவில் நம் பக்கமும் கடல் காற்றாலை வரப்போகிறது என்கிறார்களே, அதையும் மன்னாரையும் அப்படி ஒட்டினால்?

மன்னார்த்தீவான்:

காகிதத்தில் வடிவான யோசனை. வாடைக்காலத்தில், மார்கழி தையில், எங்கள் பக்கம் சோளகம் அளவு இல்லாவிட்டாலும் கோபுரங்கள் சுழலும், உங்கள் கணவாய் அப்போது படுத்துவிடும் என்று கேள்விப்பட்டேன். அந்த மாதங்களில் எங்களிடமிருந்து உங்களுக்கு வரலாம். அதை யாரும் பேசுவதில்லை, எப்போதும் இந்தியாவிலிருந்து இலங்கைக்கு என்றே கோடு கீறுகிறார்கள்.

ஆனால் இங்கே கரையில் கோபுரம் வந்தபோதே என்ன பட்டோம் என்று பாருங்கள். கோபுரத்துக்குப் பாதை போட்டபிறகு மழைத்தண்ணீர் வடியாமல் நிற்கிறது என்கிறது சனம். நடு ஆசியாவிலிருந்து வரும் பறவைகளின் வழி இந்தத் தீவு. புதிய கோபுரம் வேண்டாம் என்று 2025இல் மன்னார்ச் சனம் தெருவில் இருந்தது, பாதிரிமாரும் சேர்ந்து. கடலுக்குள்ளே என்றால் உங்கள் வள்ளமும் எங்கள் வள்ளமும் ஏற்கெனவே சண்டை பிடிக்கும் இடம் அது. இழுவை மடி கேபிளில் சிக்கினால் யாருடைய குற்றம் என்று முதலில் முடிவு செய்ய வேண்டும்.

பழையஷிஃப்ட்:

மன்னார் தம்பி சொன்ன மார்கழி விஷயம் சரி, நம்மிடம் அப்போது காற்று கிட்டத்தட்ட பூஜ்யம்.

ஆரல்பையன், மிச்சத்துக்கு வழி தெற்கே இல்லை, வடக்கே. சத்தீஸ்கர் ராய்கரிலிருந்து கரூர் பக்கம் புகளூருக்கு 6,000 மெகாவாட் டிசி லைன் இருக்கிறது, 800 கிலோவோல்ட். வடக்கு நிலக்கரிக் கரண்டை இங்கே கொண்டுவரப் போட்டது, திசை திருப்பியும் ஓட்டலாம். ஆடியில் நமக்கு மழை, டெல்லிப் பக்கம் புழுக்கம் தாங்காமல் வீட்டுக்கு வீடு ஏசி மெஷின் ஓடும். நார்வே மாதிரி ‘நம்மிடம் இல்லாதது’ அங்கேதான் இருக்கிறது. ஆனால் கயத்தாறிலிருந்து புகளூர் வரைக்கும் கரண்ட் போக வேண்டுமே, உள்ளூர் ஃபீடர் நிறைந்திருந்தால் டெல்லியில் என்ன புழுக்கம் இருந்தும் பயன் இல்லை. தண்ணீரை மேலே ஏற்றி வைக்க நமக்கு ஓடுவது காடம்பாறை 400 மெகாவாட், குந்தாவில் 500 கட்டிக்கொண்டிருக்கிறார்கள். அதிலும் காடம்பாறை வந்தது எண்பதுகளின் கடைசியில், அப்போது நமக்குக் காற்றாலையே விரல்விட்டு எண்ணலாம்.

ஆரல்பையன்:

எல்லாவற்றையும் மாமாவுக்குப் படித்துக் காட்டினேன். குரங்கு கதையில் சிரித்தார். நார்வே அம்மா கதையில் ஒன்றும் சொல்லவில்லை. கடைசியில் ஒரே ஒரு கேள்விதான் கேட்டார்: ‘அங்கே மெஷினை நிறுத்தச் சொன்னால் காசு தருவானா?’

மேற்குக்கரை:

தருவார்கள். பல சமயம் ஜெர்மனிக்காரனே தருவான். அவன் பக்கம் லைன் நிறைந்துவிட்டால் டென்மார்க் காற்றாலைக்காரர்களிடம் ‘நிறுத்த எவ்வளவு கேட்கிறாய்’ என்று விலை கேட்டு, மலிவாகக் கேட்பவனுடையதை முதலில் நிறுத்துவார்கள். காற்று நன்றாக அடிக்கிற நாளில் எங்கள் ஊரில் மெஷின் நின்றால், அது பழுதா, காசுக்கா என்று வெளியிலிருந்து பார்த்துச் சொல்ல முடியாது.

பழையஷிஃப்ட்:

இங்கேயும் 2021இல் மத்திய அரசு விதி போட்டிருக்கிறது, காற்று, சூரிய நிலையங்களை விலைக் காரணத்துக்காக நிறுத்தக் கூடாது, நிறுத்தினால் வாங்குபவர் ஈடு தர வேண்டும் என்று. கிரிட்டின் (மொத்த மின்கட்டமைப்பின்) பாதுகாப்புக்காக நிறுத்தினால் மட்டும் அது பொருந்தாது. மாமாவுக்கு வந்த உத்தரவு எழுத்தில் இருந்தால் அதில் காரணம் என்ன போட்டிருக்கிறது என்று பாருங்கள். போனில் மட்டும் சொன்னார்கள் என்றால் தேதியும் மணியும் ஒரு நோட்டில் எழுதி வைக்கச் சொல்லுங்கள், அன்றைய பிரிகுவென்சி எவ்வளவு என்று பிறகு பார்த்துக்கொள்ளலாம், அது எல்லோரும் பார்க்கக்கூடிய கணக்குதான்.